டானிக் இருக்கட்டும், போன் எங்கே இருந்தது?

காலாண்டு மதிப்பெண் வந்துவிட்டதா என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காரைக்குடியில் என் கிளினிக்குக்கு “ஞாபக சக்திக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க” என்று வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். போன சனிக்கிழமை மட்டும் மூன்று பேர். மூன்றாவது ஆளிடம் குரலை உயர்த்திவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

வந்தவர் ஓர் அப்பத்தா. பத்தாம் வகுப்புப் பேரனைக் கையோடு இழுத்து வந்திருந்தார். “டாக்டரம்மா, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் புத்தகமும் கையுமாத்தான் உக்காந்திருக்கான். காலையில கேட்டா ஒண்ணும் நிக்கல. வல்லாரை குடுத்தாச்சு, வெண்டைக்காயும் குடுத்தாச்சு. நல்ல டானிக்கா எழுதுங்க.”

பையனிடம் பாடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் ஆடும் கேமில் என்னென்ன துப்பாக்கி உண்டு என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்தான். வரிசையாகப் பெயர்கள், எது எவ்வளவு தூரம் சுடும், எந்த நண்பன் எந்த லெவலில் நிற்கிறான், முந்தாநாள் யார் எந்த இடத்தில் செத்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னான். அப்பத்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைக்கா ஞாபக மறதி?

இதை எத்தனை முறை சொல்வது என்று தெரியவில்லை, இன்னொரு முறை சொல்கிறேன். மறதி என்றால் உள்ளே போனது வெளியே வராமல் இருப்பது. உங்கள் பிள்ளை விஷயத்தில் பாடம் உள்ளேயே போகவில்லை. கணக்குவழக்குக்குப் பேர்போன ஊர் இது, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பேரேட்டில் பற்று எழுதாமலே விட்ட தொகையை ஐந்தொகையில் தேடினால் கிடைக்குமா? கணக்குப்பிள்ளைக்கு மறதி என்று டானிக் வாங்கிக் கொடுப்பீர்களா, இல்லை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்களா? கண் வரியின் மேல் ஓடியிருக்கும், வாய் முணுமுணுத்திருக்கும், பக்கமும் புரண்டிருக்கும். கவனம் அங்கே இல்லையென்றால் எதுவும் பதியாது. பதியாததை வல்லாரையாலும் மீட்க முடியாது, கடையில் படம் போட்ட பாட்டிலில் விற்கும் எதனாலும் முடியாது. ஆரோக்கியமான பிள்ளைக்கு ஞாபக சக்தி டானிக் என்று நான் எழுதக்கூடிய மருந்து எதுவும் கிடையாது.

சரி, கவனம் எங்கே போனது? “படிக்கும்போது போன் எங்கே இருந்தது?” என்று கேட்டேன். “பக்கத்துலதான், கவுத்தி வச்சிருந்தேன். பாக்கவே இல்ல டாக்டர்.” கொஞ்சம் விட்டுப்பிடித்ததில், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை “மணி பார்த்தது” வெளியே வந்தது. மணி பார்க்க எடுத்தால் மெசேஜ், மெசேஜைத் திறந்தால் ரீல்ஸ். ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாதாம். அந்த ஒரு நிமிஷத்தோடு கணக்கு முடிந்தால் நான் ஏன் கவலைப்படப் போகிறேன்? ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் மனதில் கொஞ்சம் பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதனைகளில் காட்டி, கவன எச்சம் என்ற பொருளில் பெயரும் வைத்தார். அவர் சோதித்தது பெரியவர்களை. அவர்களுக்கே இந்தக் கதி என்றால் பதினைந்து வயதுப் பையனுக்கு?

டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் கதையை எல்லோரும் யூடியூபில் பார்த்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். “அவனுக்குக் கட்டுப்பாடே இல்லை” என்று திட்டும் அப்பாக்களுக்கு மட்டும் ஒன்று. முன்பெல்லாம் இணையத்தில் பக்கம் முடியும், அடுத்ததை அழுத்த வேண்டும், அந்த இடைவெளியில் “போதும்” என்று தோன்ற வாய்ப்பு இருந்தது. தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும் முறையை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், அப்படிச் செய்ததற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். வாசலே வைக்காமல் கட்டிய கூடத்துக்குள் பிள்ளையை விட்டுவிட்டு, ஏன் வெளியே வரவில்லை என்று கேட்கிறோம்.

வீட்டிலும் நாம் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா வெளிநாட்டில். துபாயில் வேலை முடிந்து அறைக்கு வந்து ஏழு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே எட்டரை. சிங்கப்பூரில் ஒன்பது என்றால் இங்கே ஆறரை. சரியாகப் பிள்ளை புத்தகத்தை விரிக்கும் நேரம். பேச வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பேச்சுதான் அப்பா. ஆனால் பேசி முடித்ததும் போன் அம்மா கைக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், சில பள்ளிகள் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. பிள்ளை டைரியில் எழுதிக்கொண்டு வந்தால் என்ன குறைந்துபோகும்? ஆசிரியர்களே, தயவுசெய்து யோசியுங்கள். அதுவரை அந்த மெசேஜை அம்மா ஒரு தாளில் எழுதித் தரட்டும். ஐந்து நிமிஷ வேலை.

போன் வேறு அறையில் இருக்க வேண்டும். கவிழ்த்து வைப்பது, சைலன்ட்டில் போடுவது, தலையணைக்கு அடியில் செருகுவது எதுவும் கணக்கில் சேராது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் வீடாக இருந்தால் முகப்பில் வைத்துவிட்டு இரண்டாம் கட்டில் படிக்கலாம். ஆனால் சுற்றுலா வருகிறவர்கள் படமெடுக்கும் அந்த வீடுகளிலா என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்? இரண்டு அறை உள்ளவர்கள் சமையல்கட்டு மேல்தட்டில் வையுங்கள். எழுந்து நடந்து எட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மணி பார்க்கச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டுங்கள். பிள்ளை படிக்கும்போது கூடத்தில் சீரியல் ஓடக் கூடாது, உங்கள் கையிலும் போன் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லோருக்கும் கசக்கிறது. நேரக் கட்டுப்பாடு வைக்கும் செயலிகள் உண்டு, பயன்படுத்துங்கள். அதற்கு ரகசிய எண்ணாக உங்கள் பிறந்த வருஷத்தை மட்டும் வைக்காதீர்கள்.

பதினோரு மணி வரை உட்கார வைக்கவும் வேண்டாம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது பதிவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. நாற்பது நிமிஷம் படிப்பு, பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையில், இரண்டு முறை வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை வாசித்து ஒரு முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அந்தக் காலத்து வாத்தியார் “மூடி வச்சுட்டுச் சொல்லுடா” என்று காதைத் திருகியது இதற்குத்தான். காதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எல்லாப் பழியும் போன் மேல் என்று நினைக்க வேண்டாம். நான் முதலில் பார்ப்பது கண் பார்வை, காது, தூக்கம்; பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் ஹீமோகுளோபின். போன் கைக்கு வரும் முன்பே, ஒன்றாம் இரண்டாம் வகுப்பிலிருந்தே, வீட்டிலும் பள்ளியிலும் ஓரிடத்தில் நிலைக்காத பிள்ளை என்றால் அது வேறு விஷயம். அவர்களைத் திட்டாமல் கூட்டி வாருங்கள், சிகிச்சை இருக்கிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கோபத்தில் போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள், அதுவும் பரீட்சைக்கு முந்தின ராத்திரியில். சேர்ந்து உட்கார்ந்து நேரம் பேசி, மெல்லக் குறையுங்கள். போனை வாங்கியதும் சாப்பிடாமல் கிடப்பது, அடிக்க வருவது, செத்துவிடுவேன் என்பது இதெல்லாம் வந்தால் நாடகம் என்று தள்ளிவிட வேண்டாம். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

அந்த அப்பத்தாவிடமும் இதையெல்லாம் சொன்னேன், குரலைத் தணித்துக்கொண்டு. தலையாட்டிவிட்டுப் போனார். நேராகக் கீழே மருந்துக்கடைக்குப் போய் நல்ல டானிக்காக ஒன்று வாங்கியிருக்கிறார். கடைக்காரர்தான் சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் பணம் எடுக்கச் சுருக்குப் பையை அவிழ்த்தபோது உள்ளே பேரனின் போன் இருந்ததாம்.