மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குக் காப்பீடு: அட்டை கவுண்டருக்குப் போகும் முன் படிக்க வேண்டியவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். சேலத்திலும் ஏற்காட்டிலும் சனங்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் பொறி வருமானச் சான்று. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவரிடம் "நாள் கூலி எவ்வளவு?" என்று கேட்டு 300 நாளால் பெருக்கிவிடுகிறார்கள். 400 ரூபாய் கூலி என்றாலே வரம்பைத் தொட்டுவிடும். வருஷத்தில் உண்மையில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். இ-சேவையில் பதிந்த மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எல்லாம் தாண்டி வர வேண்டும். நோயாளி ஐ.சி.யூ.வில் படுத்த பிறகு இதைத் தொடங்கினால் வீட்டு ஆட்களுக்கு அலைச்சலிலேயே நேரம் போய்விடும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத மருமகள், ஆதாரில் வேறு இனிஷியல் உள்ள அப்பா, இவர்களைக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி காப்பீட்டு அட்டைக்காக கலெக்டர் ஆபீஸ் போகும் முன், என்னென்ன காகிதம் வேண்டும், யார் நேரில் வர வேண்டும் என்று 1800 425 3993 எண்ணில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்கேன். மூளை ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகிப் புடைப்பதை அனியூரிசம் என்கிறார்கள். சிலருக்கு அந்தப் புடைப்புக்குள் ஒரு பகுதி ரத்தம் உறைந்துவிடும். உறைந்தால் அடைத்துக்கொள்ளும், நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். மீதி இடத்தில் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புடைப்பு வளரலாம், வெடிக்கலாம், உறைந்த கட்டியிலிருந்து துணுக்கு போய் பக்கவாதமும் வரலாம். கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு எடுக்கும் ஆஞ்சியோவில் ரத்தம் ஓடும் இடம் மட்டுமே தெரியும், உறைந்த பகுதி தெரியாது. 25 மி.மீ.க்கு மேற்பட்ட ராட்சத வீக்கம்கூட அதில் சின்னதாகத் தோன்றலாம். முழு அளவையும் எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். காப்பீட்டின் முன் அனுமதிக்கு ஆஞ்சியோ ரிப்போர்ட் மட்டும் போனால் போதுமா, எம்.ஆர்.ஐ.யும் சேர்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், இது உங்கள் உரிமை.

காரணம் இருக்கிறது. இந்த வகை வீக்கத்தில் காயில் என்ற மெல்லிய கம்பிச் சுருளை வைத்தால், அது நாளடைவில் உறைந்த கட்டிக்குள் அமிழ்ந்து, ரத்தம் மறுபடி உள்ளே பாயக்கூடும். அதனால் சிலருக்கு ரத்த ஓட்டத்தைப் புடைப்புக்குள் போகாமல் திருப்பிவிடும் ஃப்ளோ டைவர்ட்டர் என்ற வலைக்குழாய் ஸ்டென்ட், சிலருக்கு மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது அல்லது ரத்தத்துக்கு மாற்றுப்பாதை அமைக்கும் பைபாஸ் என்று முடிவாகும். ஸ்டென்டின் விலை அதிகம். அது காப்பீடு அந்தச் சிகிச்சைக்கு ஒதுக்கும் தொகையான பேக்கேஜுக்குள் அடங்குமா, மீதிப் பணம் கட்டச் சொல்வார்களா என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சை நம்பி நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். முதலில் கட்டுங்கள், திரும்ப வரும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

"நாங்க காப்பீட்டுல இருக்கோம்" என்று தனியார் ஆஸ்பத்திரி சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. மூளை ரத்தக்குழாய் சிகிச்சைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தையும் இதோடு குழப்ப வேண்டாம், அது சாலை விபத்துக்கானது.

வாழ்நாளில் இல்லாத தலைவலி திடீரென இடித்தாலோ, இமை தொங்கி பார்வை இரட்டையானாலோ அட்டையைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் பார்ப்பார்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரை தருவார்கள். தீர்ந்துவிட்டது என்று ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. டிஸ்சார்ஜ் அன்றே அடுத்த ஸ்கேன் தேதியையும், உள்ளே வைத்த கருவியின் விவரத்தையும் எழுதி வாங்குங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.