பில் மென்பொருளைக் கவிழ்க்கும் எட்டு பைட்

கல்முனையில் ஒரு துணிக்கடை. பில் போடும் மென்பொருளை நீங்கள் சி மொழியில் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டருக்கு மட்டும், அதை விற்ற கம்பனி தந்த லைப்ரரி, அதாவது ஆயத்தமாக எழுதிய நிரல் தொகுப்பு. வாடிக்கையாளரின் ஊர்ப் பெயருக்கு அது தனக்குள்ளே 32 பைட் ஒதுக்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் அடித்தால் தாராளமாக அடங்கும். தமிழில் 'கல்முனைக்குடி' என்று அடித்தால்? ஏழே எழுத்துத்தான். ஆனால் கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 13 குறியீடு, 39 பைட், சொல் முடிந்ததைக் காட்டும் பூச்சியத்தோடு 40. லைப்ரரி நீளம் பார்க்காமல் நகலெடுத்தால் எட்டு பைட் பக்கத்து மெமரியில் போய் விழும்.

அங்கே உங்கள் ஸ்டாக் பட்டியல் (சரக்கு இருப்பு) இருந்தால் அது கெடும். உடனே ஒன்றும் தெரியாது. பின்னேரம் யாரோ பட்டியலைத் திறக்கும்போது மென்பொருள் விழும். பிழை காட்டும் வரியோ நீங்கள் எழுதியது! மேல் வயல் வரம்பு உடைந்தால் கீழ் வயல் நெல்தானே அழுகுகிறது.

இதற்கு முதல் காவல், லைப்ரரியிடம் கொடுக்குமுன் எழுத்தை அல்ல, பைட்டை எண்ணுவது. எல்லை எவ்வளவு என்று கையேட்டில் இருந்தால் சரி, பெரும்பாலும் இருக்காது. அடுத்தது, உங்கள் தரவை நேரே நீட்டாமல் ஒரு நகலைக் கொடுத்து, நகலின் இருபுறமும் தெரிந்த ஓர் எண்ணை எழுதி வைப்பது. கானரி என்பது இதுதான். அழைப்பு முடிந்ததும் எண் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் நம் கதையில் நிரம்பி வழிந்தது லைப்ரரியின் சொந்த இடம். நம் கானரி அதைப் பார்க்காமலே போகலாம்.

லைப்ரரியின் மூலநிரல் இருந்தால், மெமரி அத்துமீறலைப் பிடிக்கும் அட்ரஸ்சானிடைசர் கருவியோடு மறுபடி கம்பைல் செய்து, வழிகிற வரியிலேயே பிடிக்கலாம். இல்லையென்றால் லினக்ஸில் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. மெதுவாக ஓடும், சோதனைக்குப் போதும். கடையில் ஓடும்போது காப்பாற்ற இரண்டும் ஆகாது.

என் கணிப்பில் உருப்படியான வழி, அந்த லைப்ரரியைத் தனி ப்ராசஸில், அதாவது தனியாக ஓடும் இன்னொரு நிரலில், தள்ளிவிடுவதுதான். அதன் மெமரி வேறு, நம்முடையது வேறு. அது விழுந்தால் திரும்பத் தொடக்கிக்கொள்ளலாம். ஸ்டாக் பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. தகவலை அங்குமிங்கும் அனுப்பக் கொஞ்சம் நேரம் போகும், ஒரு பில்லுக்கு அது பெரிதல்ல. 2008இல் வந்த குரோம் உலாவி இணையப் பக்கங்களை இப்படித்தான் பிரித்து வைத்தது. பயர்பாக்ஸ் 2021இல் வேறு வழி போனது: எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் போன்ற சில லைப்ரரிகளை வெப்அசெம்ப்ளி என்ற நிரல் வடிவத்துக்கு மாற்றி, ஒதுக்கிய மெமரிக்கு வெளியே கை நீட்ட முடியாமல் செய்தது.

உங்கள் பகுதியை மட்டும், மெமரிப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதினால் தீருமா என்றால், தீராது. அதே ப்ராசஸில் அந்த சி லைப்ரரி இருக்கும்வரை அந்த எட்டு பைட் விழத்தான் செய்யும்.