சாட்சி மௌனமாக நின்றால் கணினி என்ன எழுதும்?

விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு நகரும் வேகம், எழுதும் கையைப் பொறுத்தது. வழக்கறிஞர் கேட்கிறார், சாட்சி பதில் சொல்கிறார். நீதிபதி அதைத் தம் வாக்கியமாக்கிச் சொல்ல, தட்டச்சர் அடித்து முடிக்கும்வரை அடுத்த கேள்வி காத்திருக்கிறது. நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கும்போது இந்தக் காத்திருப்பு சின்ன விஷயமல்ல.

கேரள உயர் நீதிமன்றம் கைவைத்தது இந்த இடத்தில்தான். 2025 நவம்பர் 1 முதல், அம்மாநில விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பதிவு செய்ய, பேச்சை எழுத்தாக்கும் 'அதாலத் ஏஐ' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு வெளியிட்ட கொள்கையில், தீர்ப்பையோ உத்தரவையோ முடிவு செய்ய செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. எழுத்தர் வேலைக்கு மட்டும் இயந்திரம் என்பது சரியான எல்லை. ஆனால் எழுத்தர் வேலையும் அத்தனை எளிதல்ல.

இத்தகைய மென்பொருள்கள் பொதுவாக, ஒலிவாங்கியில் விழும் குரலை 25 மில்லி விநாடி அளவுள்ள துண்டுகளாக நறுக்குகின்றன. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 10 மில்லி விநாடிக்கு ஒன்று எடுக்கப்படுவதால், ஒரு விநாடிப் பேச்சிலிருந்து சுமார் 100 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு, நரம்பணு வலையமைப்பு எனப்படும், பயிற்சியில் கற்ற கணினி நிரல் எழுத்துகளை ஊகிக்கிறது. ஒலி தெளிவில்லாத இடத்தில், முன்னே வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல்லைப் போடுகிறது.

அந்தக் கடைசிப் படிதான் எனக்குக் கவலை தருகிறது. குறுக்கு விசாரணையில், "அன்று இரவு அவரைப் பார்த்தீர்களா?" என்ற கேள்விக்குச் சாட்சி பதில் சொல்லாமல் நிற்கலாம்; பாதி சொல்லி விழுங்கலாம். அந்தத் தயக்கமும் சாட்சியத்தைச் சேர்ந்ததே. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றுவிக்கப்பட்ட 'விஸ்பர்' என்ற, பேச்சை எழுத்தாக்கும் புகழ்பெற்ற மென்பொருள் மாதிரியை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1 சதவீத ஒலித்துண்டுகளில், யாருமே பேசாத வாக்கியங்களை அது எழுதியிருந்தது. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைப்பட்டவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக நேர்ந்தது. பேச்சினிடையே வரும் நீண்ட இடைவெளிகளை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் கருதினார்கள். ஒரு மாதிரியின் பிழையை எல்லாக் கருவிகள் மீதும் ஏற்ற முடியாது. ஆனாலும் அச்சத்தில் பேச்சு திக்கும் சாட்சிக்கும் இதே ஆபத்து நேருமா என்று நீதிமன்றங்கள் சோதித்தே ஆக வேண்டும். அதிலும் சட்டச் சொற்களும் வட்டாரப் பேச்சும் கலந்து வரும் சாட்சிக் கூண்டில், ஊகிக்க வேண்டிய இடங்கள் அதிகம்.

இதற்கான காப்பு நம் சட்டத்திலேயே உண்டு. குற்ற வழக்கில் பதிவான சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். தேவையானால் திருத்த வேண்டும். "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று அவர் மறுத்தால், நீதிபதி அதைத் திருத்தாமல் மறுப்பை மட்டும் குறித்துவைக்கவும் இடமிருக்கிறது. கை எழுதிய காலத்தில் அந்த மறுப்பைச் சரிபார்க்கப் பெரும்பாலும் வழியில்லை. இப்போது ஒலி இருக்கிறது. ஒவ்வொரு வரியோடும் அதன் ஒலித்துண்டை நேரக் குறிப்புடன் இணைத்து, மேல்முறையீடு முடியும்வரை பாதுகாத்தால், மறுக்கப்பட்ட வரியை மேல் நீதிமன்றம் தானே கேட்டுப் பார்க்க முடியும்.