கனரக இயந்திரத் தொழிற்பழகுநருக்கு சிமுலேட்டர் பயிற்சி: சட்டத்தில் உள்ளது என்ன, கேட்டுப் பெற வேண்டியது என்ன

பொக்லைன், கிரேன், டம்பர் போன்ற கனரக இயந்திரங்களை இயக்கக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழி ஒன்றே. ஓர் ஆபரேட்டரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்து, கிரீஸ் அடித்து, டீசல் ஊற்றி, வண்டியைக் கழுவி, அவர் சாப்பிடப் போகும் இடைவேளையில் லீவரைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்வதே அந்த வழி. இப்படிக் கற்றவர்களில் மிகத் தேர்ந்த ஆபரேட்டர்கள் பலர் உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த வழியில் கற்கும் காலத்துக்கு எந்தப் பதிவும் இல்லை, விபத்து நேர்ந்தால் எந்த நிலையில் அவர் அங்கே இருந்தார் என்பதைக் காட்டும் தாளும் இல்லை. இதற்கு மாற்றாகச் சட்டம் வகுத்திருக்கும் வழி, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்து சேர்வதாகும். சிமுலேட்டர் பயிற்சி இந்த வழியில் எந்த இடத்தில் அமைகிறது, அதைப் பெறும் தொழிற்பழகுநருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு, பொதுச் சாலையில் கனரக வாகனம் ஓட்டுவதற்கான உரிமத்துக்கும் சிமுலேட்டருக்கும் என்ன தொடர்பு என்பவற்றை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சிமுலேட்டர் என்பது உண்மையான இயந்திரத்தின் ஓட்டுநர் அறையைப் போலவே இருக்கை, லீவர், பெடல், அளவைமானிகள் ஆகியவற்றைக் கொண்டு, எதிரே உள்ள திரைகளில் பணியிடத்தைக் காட்டும் கருவி. விலை உயர்ந்த வகைகளில் இருக்கையே சாயும், குலுங்கும். அதன் உண்மையான பயன், நிஜ இயந்திரத்தில் யாரும் பழக விடமுடியாத நிலைமைகளைப் பழக வைப்பதில் உள்ளது. கிரேன் தூக்கிய சுமை காற்றில் ஊசலாடத் தொடங்கும்போது, பதற்றத்தில் பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையை, எதிர்ப்பக்கம் திருப்பினால் ஊசலாட்டம் பெருகும். சுமை செல்லும் திசையிலேயே பூமைச் சரியான நேரத்தில் நகர்த்தினால் அது அடங்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் தலையாட்டுபவர்கள்கூட, கையில் லீவர் இருக்கும்போது முதல் சில முறை தவறாகவே செய்வார்கள். நிலத்தின் மேல் தூக்கிய சுமையோடு அந்தத் தவறைச் செய்ய எந்தப் பயிற்சியாளரும் அனுமதிக்க முடியாது. திரையில் அனுமதிக்கலாம். சரிவில் இறங்கும் டம்பரில் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது, பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் பொக்லைனின் அடியில் மண் சரிவது, பூம் மின்கம்பியை நெருங்குவது, பின்னால் ஆள் நிற்பது தெரியாமல் வண்டியைப் பின்னோக்கி எடுப்பது ஆகிய அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை.

தொழிற்பழகுநர் சட்டத்தில் சிமுலேட்டர் என்ற சொல் தனியே இடம்பெறவில்லை. ஆனால் அதன் 9-ஆம் பிரிவு அடிப்படைப் பயிற்சி குறித்துப் பேசுகிறது. ஐ.டி.ஐ. போன்ற நிறுவனங்களில் முன்பே பயிற்சி பெறாமல் நேரடியாகச் சேரும் தொழிற்பழகுநர், பணியிடத்தில் செய்முறைப் பயிற்சிக்கு அனுப்பப்படுவதற்கு முன்பாக, போதிய வசதியுள்ள ஒரு நிலையத்தில் அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கனரக இயந்திரங்களைப் பொறுத்தவரை சிமுலேட்டருக்குரிய இயல்பான இடம் இதுதான். 2016 ஆகஸ்ட் 19 அன்று தொடங்கப்பட்ட தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் தன் முதல் வடிவத்தில் 500 மணி நேர அடிப்படைப் பயிற்சிக்கு ஒருவருக்கு 7,500 ரூபாய் வரை அரசே ஏற்கும் என்று வகுத்திருந்ததும், அடிப்படைப் பயிற்சி என்பது பெயரளவுக்கான சடங்காக இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சிமுலேட்டரில் பழகும் காலம் ஒப்பந்தக் காலத்துக்குள் வருகிறதா, அதற்கு முன்னதாக நடக்கிறதா என்பது. சட்டம் தரும் உதவித்தொகை உரிமையும் பிற பாதுகாப்புகளும் ஒப்பந்தத்தைத் தொடர்ந்தே வருவதால், அடிப்படைப் பயிற்சி நடக்கும் மாதங்களுக்கு உதவித்தொகை உண்டா, உண்டெனில் எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. வாய்மொழி உறுதி போதாது.

உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவை விதிகள் நிர்ணயிக்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 5,000 ரூபாய், 10-ஆம் வகுப்பு முடித்தவருக்கு 6,000, 12-ஆம் வகுப்பு முடித்தவருக்கும் ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கும் 7,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் இது 10 விழுக்காடும் மூன்றாம் ஆண்டில் 15 விழுக்காடும் உயர வேண்டும். இவை குறைந்தபட்சத் தொகைகள் மட்டுமே. நிறுவனம் கூடுதலாகத் தருவதற்குத் தடை இல்லை. இந்த அளவுகளை 36 விழுக்காடு உயர்த்துமாறு மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. எனவே ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் நடப்பில் உள்ள தொகை எது என்பதை அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் வரும் தொழிற்பழகுநருக்கு, உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்கிறது. 2023 முதல் இந்தப் பங்கு நிறுவனத்தின் வழியாக அல்லாமல் நேரடியாகத் தொழிற்பழகுநரின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. அந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாமல் இருப்பதால் பணம் நின்றுபோவது எளிதில் தவிர்க்கக்கூடிய இழப்பு.

யார் சேர்க்கப்படலாம், எந்த நிறுவனம் சேர்த்தாக வேண்டும் என்பதிலும் தெளிவான வரையறை உண்டு. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு இது விருப்பத்துக்குரியது. ஐந்தாறு பொக்லைன்களை வாடகைக்கு விடும் சிறு நிறுவனமும் விரும்பினால் முறையாகத் தொழிற்பழகுநரைச் சேர்க்கலாம் என்பது பலர் அறியாத செய்தி. தொழிற்பழகுநராவதற்குப் பொதுவான குறைந்தபட்ச வயது 14. அபாயகரமான தொழில்களைச் சார்ந்த பிரிவுகளுக்கு 18.

சட்டத்தின் பார்வையில் தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். இதனால் சில தொழிலாளர் உரிமைகள் அவருக்குப் பொருந்தாமல் போகின்றன. ஆயினும் உடல்நலம், பாதுகாப்பு, நலவசதிகள் ஆகியவற்றில் அவர் மற்றப் பணியாளருக்கு இணையாகவே நடத்தப்பட வேண்டும். பயிற்சியின்போதும் பயிற்சி காரணமாகவும் விபத்தில் காயமுற்றால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு என்று 16-ஆம் பிரிவு கூறுகிறது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் அவரை ஈடுபடுத்துவதையும், இத்தனை லோடு அள்ளினால் இவ்வளவு என்று வேலை அளவுக்கேற்பக் கூலி பேசுவதையும் சட்டம் தடுக்கிறது. இந்தத் தடைக்குக் கனரக இயந்திரத் துறையில் தனி முக்கியத்துவம் உண்டு. லோடு எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் என்று ஆனவுடன் கற்பவரின் கவனம் வேகத்துக்குத் திரும்பும். சிமுலேட்டரில் பழகிய நிதானம் அனைத்தும் அந்த வாரத்திலேயே கரைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிஜ இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்ட டீசல் செலவாகிறது, தேய்மானம் ஆகிறது, அந்த நேரத்துக்குரிய வாடகை வருமானமும் நின்றுபோகிறது. சிமுலேட்டரில் இந்தச் செலவுகள் இல்லை. ஆகவே நிஜ இயந்திரத்தில் தர வேண்டிய மணி நேரங்களைக் குறைத்துத் திரையிலேயே பயிற்சியை முடித்துவிடும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரக்கூடும். ஆனால் ஈர மண்ணில் சங்கிலிச் சக்கரம் புதையும்போது உடலில் உணரப்படும் சரிவு, பாறையில் பக்கெட் பல் மாட்டும் அதிர்ச்சி, ஹைட்ராலிக் குழாய் கசியும் முன் மாறும் ஓசை, புழுதியில் மறையும் சிக்னல்மேனின் கை ஆகியவற்றைத் திரை முழுமையாகத் தர முடியாது. காலையில் இயந்திரத்தைச் சுற்றி நடந்து எண்ணெய் மட்டம், குழாய், பின், கண்ணாடி ஆகியவற்றைப் பார்க்கும் பழக்கமும் நிஜ இயந்திரத்தின் அருகில்தான் உருவாகும். என் கருத்தில், பயிற்சித் திட்டத்தில் சிமுலேட்டர் மணி நேரமும் இயந்திர மணி நேரமும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது, எந்தத் தேர்ச்சியின் அடிப்படையில் செல்லலாம் என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பயிற்சித் திட்டத்தைக் கேட்டுப் படிக்கும்போது இந்த இரு எண்களையும் தேடுங்கள். ஒன்றாகச் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது உரிமம். தொழிற்பழகுநர் பயிற்சியை முடித்தாலும் அதுவே பொதுச் சாலையில் ஓட்டும் உரிமை ஆகாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கட்டுமான இயந்திர வாகனத்தைப் போக்குவரத்து வாகனம் அல்லாத ஒன்றாக வரையறுக்கின்றன. சாலையில் செல்வது அதன் முதன்மைப் பணிக்கு இடையே குறுகிய நேரத்துக்கு நிகழ்வது, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்படாதது என்பன அந்த வரையறையின் கூறுகள். சுரங்கம், தொழிற்சாலை போன்ற மூடிய வளாகத்துக்குள் மட்டுமே இயங்குமாறு வடிவமைக்கப்பட்டு, சொந்த விசையில் பொதுச் சாலையில் செல்லும் வசதியில்லாத இயந்திரங்கள் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே சுரங்கத்துக்குள் டம்பர் ஓட்டப் பழகியவருக்கும், சாலையைக் கடந்து ஜே.சி.பி. கொண்டு செல்பவருக்கும், மண் ஏற்றிய டிப்பரை நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கும் தேவைப்படும் தாள்கள் வேறு வேறு. மூன்றாமவருக்குத்தான் நிபந்தனைகள் அதிகம். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். அதன் பின்னரே எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் கிடைக்கும். 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது.

சிமுலேட்டரைச் சட்டம் வெளிப்படையாகக் கோரும் இடம் இந்தச் சாலை உரிமத்தில்தான் வருகிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்ற புதிய வகையை உருவாக்கின. இத்தகைய மையத்தில் சிமுலேட்டரும் தனிப் பயிற்சித் தடமும் இருக்க வேண்டும். கனரக வாகனப் பயிற்சி தரும் மையத்துக்கு 2 ஏக்கர் நிலம் தேவை. பயிற்றுநர் 12-ஆம் வகுப்பு முடித்து, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம் உடையவராக இருக்க வேண்டும். நடுத்தர, கனரக வாகனங்களுக்கான பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம். இலகுரக வாகனத்துக்கு 4 வாரங்களில் 29 மணி நேரம். மையத்துக்கான அங்கீகாரம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கப்பட வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதிய செய்திகளை நாம் தொடர்ந்து படித்து வருகிறோம். நீண்ட சரிவில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும், கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்புவதும் எவ்வளவு கொடிய பழக்கங்கள் என்பதைச் சிமுலேட்டரில் முழுச் சுமையோடு ஒருமுறை இறங்கிப் பார்த்தவர் நேரடியாக உணர்வார். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. 38 மணி நேரம் என்பது இந்தப் பின்னணியில் மிகக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் பயிற்சியை முடித்து அங்கே நடத்தப்படும் தேர்விலும் வென்றவருக்குப் படிவம் 5பி என்ற சான்று கிடைக்கும். அதை வைத்திருப்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்குப் பெறுகிறார். விலக்கு அந்தத் தேர்வுக்கு மட்டுமே. எல்.எல்.ஆர்., மருத்துவச் சான்று, விண்ணப்பம், கட்டணம் ஆகியவை வழக்கம்போல் உண்டு. உரிமத்தை வழங்கும் அதிகாரமும் உரிம அலுவலரிடமே இருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் யாருமே ஆர்.டி.ஓ. தேர்வுக்குச் செல்ல வேண்டியதில்லை என்ற வதந்தி பரவியபோது, விதிகளில் மாற்றம் எதுவும் இல்லை என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் அளித்தது. வழக்கமான ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் தருவது படிவம் 5. அது தேர்விலிருந்து விலக்கு அளிக்காது. ஒரு பள்ளியில் சிமுலேட்டர் இருப்பதாலேயே அது அங்கீகரிக்கப்பட்ட மையம் ஆகிவிடாது என்பதால், பணம் கட்டும் முன் அங்கீகாரச் சான்றையும் அதன் காலாவதி நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்பழகுநர் பயிற்சிக்குத் திரும்பினால், அது முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. தனது தொழிற்பழகுநர்களை வேலையில் சேர்ப்பது குறித்த கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. அந்தக் கொள்கையைக் கேட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் சொன்ன பயிற்சி தரப்படவில்லை, சிமுலேட்டரோடு நிறுத்திவிட்டு ஹெல்ப்பர் வேலையே வாங்கப்படுகிறது என்பன போன்ற தகராறுகளை, இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் அலுவலரான தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் கொண்டு செல்லலாம். அவருடைய முடிவில் நிறைவில்லையெனில், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தொழிற்பழகுநர் மன்றத்திடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அப்போது கைகொடுப்பது, எந்த நாளில் எத்தனை மணி நேரம் சிமுலேட்டரில், எத்தனை மணி நேரம் எந்த இயந்திரத்தில் என்று பயிற்றுநரின் கையெழுத்தோடு வைத்திருக்கும் குறிப்பேடு. சிமுலேட்டர் தரும் மதிப்பெண் அறிக்கையின் நகலையும் அதனுடன் சேர்த்து வைக்கலாம்.