பவர் மீட்டர் வாங்கியாயிற்று, கம்ப்யூட்டர் எதை வாங்குவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணி ஐந்தே கால் இருக்கும். சென்னை ஈ.சி.ஆரில் அக்கரை பக்கம் இருபது பேர் போல சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் புதிதாகப் பவர் மீட்டர் பெடல், அதாவது மிதிக்கும் பலத்தை வாட்டில் அளக்கும் பெடல், போட்டுக்கொண்டு வந்திருந்தார். அங்கேயே, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே, கைப்பிடியில் பூட்டி எண்களைப் பார்க்கும் புதுச் சைக்கிள் கம்ப்யூட்டரோடு அதை இணைத்தார். கிளம்பி ஐந்து நிமிடத்தில் என் பக்கத்தில் வந்து, "சார், சும்மா மிதிக்கும்போதே 290 வாட் காட்டுது" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "மிதிப்பதை நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். எண் நிற்கவில்லை. 270, 305, 288 என்று ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த இன்னொருவருடைய மீட்டரைத்தான் அவருடைய கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்தது.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி தருவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பவர் மீட்டருக்காக மாதக்கணக்கில் அலசுகிறார்கள். பெடலா, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமா, துல்லியம் ஒரு சதவீதமா இரண்டு சதவீதமா என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். கம்ப்யூட்டரை மட்டும் மிச்சமிருக்கும் பணத்துக்குக் கடைசி நாளில் எடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கையில் பணம் இருக்கிறது என்று கடையில் உள்ளதிலேயே பெரியதை வாங்கிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

பவர் மீட்டரின் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். நீங்கள் மிதிக்கும்போது பெடலோ கிராங்கோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் அந்த வளைவை அளக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் திருப்பு விசையைச் சுழலும் வேகத்தோடு பெருக்கினால் வாட். மீட்டர் அதை ரேடியோ அலையில் வெளியே அனுப்புகிறது. அத்தோடு சரி. அப்புறம் அதை எத்தனை விநாடிக்குச் சராசரி எடுப்பது, மிதிக்காத நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா, எத்தனை விநாடிக்கு ஒருமுறை எழுதி வைப்பது, சிக்னல் விட்டுப்போனால் என்ன செய்வது, இதெல்லாம் கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவு. ஒரே மீட்டர், ஒரே ரைடு, இரண்டு கம்ப்யூட்டர் என்றால் இரண்டு சராசரி வரலாம். நான் பார்த்திருக்கிறேன்.

உல்ரிச் ஷோபரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1986-இல் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கி, சைக்கிளில் பூட்டும் பவர் மீட்டரைக் கொண்டுவந்தார். அப்போது மீட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே ஜோடியாகத்தான் வந்தன. அதனால் எதை வாங்குவது என்ற கேள்விக்கே இடமில்லை. வயர் போய், ஆன்ட் பிளஸ், ப்ளூடூத் என்ற பொது மொழிகள் வந்த பிறகுதான் யாருடைய மீட்டரையும் யாருடைய கம்ப்யூட்டரோடும் சேர்க்க முடிந்தது. வசதிதான். ஆனால் ஜோடி சேர்க்கும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது.

இந்த இரண்டு மொழிகளின் வித்தியாசத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்ட் பிளஸ் வானொலி நிலையம் மாதிரி. மீட்டர் பாட்டுக்கு ஒலிபரப்பும், எத்தனை கருவி வேண்டுமானாலும் கேட்கலாம். ப்ளூடூத் தொலைபேசி அழைப்பு மாதிரி. பழைய மீட்டர்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு இணைப்புதான். இப்போது வருபவற்றில் இரண்டு மூன்று இணைப்பு வரை விடுகிறார்கள். "நேற்று வரை வந்தது சார், இன்னைக்கு மீட்டரே கண்ணுக்குத் தெரியல" என்று யாராவது போன் செய்தால், நான் முதலில் கேட்பது, "பையில் இருக்கும் மொபைலில் மீட்டருடைய ஆப் திறந்திருக்கிறதா?" என்பதுதான். பாதி நேரம் அதுதான் காரணம். மொபைல் அழைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் வெளியே காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே வாங்கும் கம்ப்யூட்டரில் இரண்டும் இருக்க வேண்டும். கார்மின், வாஹு, பிரைட்டன், ஹாமர்ஹெட் போன்றவை இரண்டையும் பேசும். விலை குறைந்த சிலவற்றில் ஒன்றுதான் இருக்கும், பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஆப்பிள் வாட்ச்சை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: அதில் ஆன்ட் பிளஸ் கிடையாது. தவிர, கைக்கடிகாரம் எதுவானாலும் மீட்டருக்கும் அதற்கும் நடுவில் உங்கள் உடம்பு வந்து சிக்னலை மறைக்கிறது. இணைக்கும்போது ஒரே மீட்டர் பட்டியலில் இரண்டு முறை தெரியலாம், ஆன்ட் பிளஸில் ஒன்று, ப்ளூடூத்தில் ஒன்று. ஒன்றை மட்டும் சேருங்கள். கார்மினாக இருந்தால் நான் ஆன்ட் பிளஸைத்தான் எடுக்கச் சொல்வேன். இடது வலது பங்கு, பெடலில் விசை எந்தக் கோணத்தில் விழுகிறது போன்ற கூடுதல் விவரங்கள் அந்த வழியில்தான் முழுமையாக வரும்.

அடுத்தது பதிவு. பயிற்சியாளனாக எனக்கு மிக முக்கியமான இடம் இது. மாணவர்கள் அனுப்பும் ரைடு பதிவுக் கோப்பை வைத்துத்தான் நான் அடுத்த வாரத்தை எழுதுகிறேன். சில கம்ப்யூட்டர்களில் ஸ்மார்ட் பதிவு என்று ஒரு வசதி இருக்கும். நினைவகத்தை மிச்சம் பிடிக்க, ஏதாவது மாறினால் மட்டும் ஒரு புள்ளி வைக்கும். வேகத்துக்கும் பாதைக்கும் அது போதும். வாட்டுக்குப் போதவே போதாது. 15 விநாடி முழு மூச்சாக ஓட்டிய ஸ்பிரின்ட்டில் மூன்று நான்கு புள்ளிதான் இருக்கிறது என்றால் நான் எதைப் படிப்பது? விநாடிக்கு ஒரு பதிவு என்று மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாது என்றால் அந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

பூஜ்ஜியம் விஷயத்தில் இன்னும் பெரிய குழப்பம் நடக்கிறது. ஒரு மணி நேர ரைடில் 12 நிமிடம் நீங்கள் மிதிக்காமல் உருண்டு போனீர்கள் என்று வையுங்கள். மிதித்த 48 நிமிடத்தின் சராசரி 180 வாட். பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் சராசரி 144. சேர்க்காவிட்டால் திரையில் 180 நிற்கும். பவருக்குப் பூஜ்ஜியம் சேர வேண்டும், உருண்டு போன நேரமும் உடம்புக்குக் கிடைத்த ஓய்வுதான், அது கணக்கில் வந்தாக வேண்டும். கேடன்ஸுக்கு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்ற எண்ணுக்கு, சேர்க்க வேண்டியதில்லை. ஒருவர் ஆறு மாதம் இந்த அமைப்பு மாறியிருந்தது தெரியாமலே ஓட்டினார். தன் பலம் ஏறிக்கொண்டே போகிறது என்று நம்பினார். ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏற முடியாமல் இறங்கி நின்றபோது மனம் உடைந்துபோனார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெடல் மீட்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பெடலுக்குத் தான் எந்த நீளக் கிராங்கில் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் 172.5 மில்லிமீட்டர் என்று ஏற்கெனவே போட்டு வைத்திருப்பது சகஜம். நம் ஊரில் உயரம் குறைவான பலர் 165 கிராங்கில் ஓட்டுகிறார்கள். 172.5-ஐ 165-ஆல் வகுத்தால் 1.045. அதாவது நான்கரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். நீங்கள் மிதிப்பது 200 வாட், திரையில் 209. ஒரு சதவீதத் துல்லியத்துக்காக அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பெடலை ஒரு தவறான எண் இப்படி வீணாக்கிவிடுகிறது. இன்னொன்று, பெடலின் ஆப்பில் சரியாக வைத்திருந்தாலும், புதுக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும்போது அது தன்னிடமுள்ள நீளத்தைப் பெடலுக்கு அனுப்பி மாற்றிவிடக்கூடும். புதுக் கம்ப்யூட்டர் வந்தால் முதல் வேலையாக இதைப் பாருங்கள். நீளம் கிராங்கின் உள்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் மெனுவில் 'காலிபரேட்' என்று இருப்பதும் பலரை ஏமாற்றுகிறது. அது உண்மையில் மீட்டரைத் திருத்துவதில்லை. விசையே இல்லாதபோது எது பூஜ்ஜியம் என்று ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவே. தராசில் சாமான் வைக்கும் முன் முள்ளைச் சரிபார்ப்பது போல. உலோகம் வெப்பத்துக்கு மாறும் என்பதால் இது தேவை. இப்போதைய மீட்டர்கள் வெப்பத்தைத் தாமே ஓரளவு சரிக்கட்டும். ஆனாலும் ஏ.சி. அறையிலிருந்து வண்டியை எடுத்து வந்தவுடனே செய்யாதீர்கள். வெளியே பத்து, பதினைந்து நிமிடம் நிற்கட்டும், அதற்குள் காற்று அடித்து, தண்ணீர் நிரப்பிவிடலாம். கம்ப்யூட்டரிலிருந்தே இதைச் செய்ய முடிகிறதா, செய்தபின் ஓர் எண்ணைக் காட்டுகிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். அந்த எண் தினமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். திடீரென்று எகிறினால் மீட்டரில் ஏதோ கோளாறு.

இனி திரை. மனதுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மாணவர் ஒருவர் கோவளம் தாண்டி, தொடுதிரையில் பக்கம் மாற்றப் பார்த்தார். விரலில் வியர்வை, திரை கேட்கவில்லை. இரண்டாவது முறை தேய்த்தார், மூன்றாவது முறை குனிந்து பார்த்தார். அதற்குள் முன்னால் இருந்தவர் வேகம் குறைத்துவிட்டார். பின் சக்கரத்தில் மோதிக் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த வேன் ஓட்டுநர் சமயத்தில் பிரேக் அடித்ததால்தான் அதோடு போயிற்று. அன்றிலிருந்து நான் பொத்தான் உள்ள கம்ப்யூட்டரைத்தான் வாங்கச் சொல்கிறேன். நம் ஊர் வியர்வையும் ஐப்பசி மழையும் தொடுதிரைக்கு ஒத்துவராது. கார்மினில் எட்ஜ் 540 பொத்தான் மட்டும் உள்ளது. 840-இல் பொத்தானும் உண்டு, தொடுதிரையும் உண்டு. உள்ளே இருக்கும் பயிற்சி வசதி கிட்டத்தட்ட ஒன்றுதான், 540 போதும். வாஹு போல்ட்டும் பொத்தான் வகைதான். இன்டர்வலுக்கு, அதாவது வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓட்டும் பயிற்சிக்கு, ஒவ்வொரு பகுதியையும் பிரித்துக் குறிக்கும் லாப் பொத்தான் பார்க்காமலே கைக்குக் கிடைக்க வேண்டும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்.

வெளி ரைடுக்கு என் மாணவர்களின் திரையில் நான்கு எண்தான்: மூன்று விநாடிச் சராசரி வாட், லாப் சராசரி வாட், லாப் நேரம், கேடன்ஸ். விநாடிக்கு விநாடி மாறும் வாட்டை வைக்க விடமாட்டேன். 160, 230, 185 என்று குதித்துக்கொண்டே இருக்கும், அதைத் துரத்தப் போனால் கண் சாலையை விட்டு இறங்கிவிடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், வண்டியில் உட்கார்ந்த தூரத்திலிருந்து, வெயிலில், அந்த எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும்.

வரைபடத்துக்காகப் பெரிய தொகை கொடுக்க வேண்டுமா? சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவருக்கு எதற்கு வரைபடம், கடலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டால் போதும். பிரவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு, ஓட்டுகிறவர்கள் கதை வேறு. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம் என்ற கெடுவில், ராத்திரியில் தெரியாத ஊர் வழியே போகிறவருக்கு வழிகாட்டியும் நீடிக்கும் பேட்டரியும் அவசியம். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். திரை வெளிச்சம், வழிகாட்டி, சென்சார்கள் எல்லாம் சேர்ந்தால் குறையும். ஓடும்போதே பவர் பேங்கில் சார்ஜ் ஏறுமா, சார்ஜ் துளை மழையில் தாங்குமா என்று பாருங்கள்.

பணம் குறைவு என்றால் கார்மின் எட்ஜ் 130 பிளஸ் மாதிரிச் சின்னதொன்று பழையதாகக் கிடைத்தால்கூடப் போதும். எழுதிக் கொடுத்த இன்டர்வல் பயிற்சியை அதில் ஏற்றி ஓட்டலாம். மிச்சப் பணத்தை இரண்டு பக்க மீட்டருக்குப் போடுங்கள். ஒரு பக்க மீட்டர் இடது காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது. இடது 48, வலது 52 என்று மிதிப்பவருக்கு 200 வாட் 192 ஆகத் தெரியும். எந்தக் கம்ப்யூட்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வாங்கிய அன்றே இதைச் செய்யுங்கள். வீட்டில், வேறு எந்தச் சைக்கிளும் பக்கத்தில் இல்லாதபோது இணையுங்கள். மீட்டரின் அடையாள எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கம்ப்யூட்டர் முதுகில் ஒட்டுங்கள். கிராங்க் நீளம், விநாடிப் பதிவு, பூஜ்ஜியம் மூன்றையும் பாருங்கள். தெருவில் பத்து நிமிடம் ஓட்டுங்கள், நடுவில் இரண்டு முறை மிதிப்பதை நிறுத்துங்கள். கோப்பை மொபைலில் திறந்து, நிறுத்திய இடத்தில் கோடு பூஜ்ஜியத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கரையில் பார்த்தவர் மறுநாள் சாயங்காலம் இதையெல்லாம் செய்துவிட்டு எனக்குக் கோப்பை அனுப்பினார். கூடவே, "சார், 290 இல்ல, 118தான்" என்று ஒரு செய்தி. கோடு சுத்தமாக இருந்தது, நிறுத்திய இரண்டு இடத்திலும் தரையைத் தொட்டிருந்தது. அந்த 118-இலிருந்தே அவருடைய முதல் நான்கு வார அட்டவணையை எழுதினேன்.