உளவியல்: ஒரு சொல்லும் அதைச் சுற்றி நிற்கும் சொற்களும்

போன வருடம் பெரியம்மாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சு அடைக்குது, இரவில் நித்திரை இல்லை, சும்மா இருக்கப் பெருமூச்சு வருது என்று நாலைந்து மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தா. ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், எல்லாம் சரி. டொக்டர் நல்ல பொறுமையான மனிதர், "அம்மா, ஒருக்கா உளநலப் பிரிவிலையும் காட்டுங்கோ" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "எனக்கென்ன விசரோ?"

விசர் என்றால் எங்கள் பேச்சில் பைத்தியம். இல்லை பெரியம்மா என்று உடனே சொன்னேன். பிறகு விளக்கப் போனால் உளவியல், மனோதத்துவம், உளமருத்துவம், உளவளத்துணை எல்லாவற்றையும் நானே ஒரே சட்டிக்குள் போட்டுக் கிளறிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அதனால் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மனத்தையும் நடத்தையையும் படிக்கும் துறை உளவியல், ஆங்கிலத்தில் சைக்கோலொஜி. அந்த ஆங்கிலச் சொல்லின் முதற்பாதி கிரேக்கத்தில் 'ப்சுகே'. அதன் ஆதிப்பொருள் மூச்சு. மூச்சு நின்றால் ஆள் இல்லை என்பதால் உயிர் என்ற பொருளும், பிறகு ஆன்மா என்ற பொருளும் அதற்கு வந்தன. வண்ணத்துப்பூச்சிக்கும் கிரேக்கர் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பின்பாதியான 'லோகோஸ்' பேச்சு, நியாயம், முறையான அறிவு என்று விரியும். இரண்டையும் ஒட்டி லத்தீனில் 'சைக்கோலொகியா' என்று ஒரு சொல் 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. குரோவேசியக் கவிஞர் மார்க்கோ மாருலிச் அதைத் தன் நூல் ஒன்றின் தலைப்பில் வைத்தார், அந்த நூல் இன்று கிடைப்பதில்லை. 1590இல் ஜேர்மன் அறிஞர் ருடோல்ஃப் கோக்கெல் அதையே ஒரு நூலுக்குப் பெயராக வைத்தார். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் உளவியலுக்கென்று ஆய்வுகூடம் திறந்தது 1879இல்தான். ஆகவே ஆய்வுகூடம் வருவதற்கு ஏறத்தாழ முந்நூறு வருடம் முன்பே பெயர் வந்துவிட்டது, அப்போது அது ஆன்மாவைப் பற்றிய விசாரணையின் பெயர்.

இனித் தமிழுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உயிர் என்ற நம் சொல்லும் மூச்சோடு ஒட்டிப் பிறந்தது. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல், நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. கிரேக்கன் ப்சுகே என்று சொன்னதற்கு நேர் நிகர் வேண்டுமென்றால் தமிழில் அது உயிர்தான். ஆனால் உயிரியல் என்ற பெயர் தாவரத்தையும் விலங்கையும் படிக்கும் துறைக்குப் போய்விட்டது. போனதும் நல்லதே, ஏனென்றால் நமக்கு உள்ளம் என்ற சொல் மிஞ்சியது.

உள்ளத்தின் வேர் உள். உள்ளுதல் என்றால் நினைத்தல். "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்று குறள் சொல்லும்போது உள்ளுதல் முழுக்க முழுக்க ஒரு வினை. கிரேக்கச் சொல் உள்ளே இருக்கும் ஒரு பொருளைக் காட்டுகிறது, நம்முடைய சொல்லில் உள்ளே நடக்கும் செயலும் சேர்ந்தே இருக்கிறது. உள்ளம் இடை குறைந்து உளம் ஆகும், ஈற்று மகரம் கெட்டு உள + இயல், நடுவில் வகர உடம்படுமெய், ஆக உளவியல். உளவு + இயல் என்று பிரித்து, ஒற்றர் வேலை பற்றிய படிப்போ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிரித்தாலும் புணர்ச்சி பிழையில்லை, பொருள்தான் பிழை. இயல் தொல்காப்பியத்தில் பெயரியல், வினையியல் என அதிகாரத்தின் உட்பிரிவுகளுக்கு இருந்த பெயர், பிறகு துறைகளின் பெயரில் ஒட்டாக வந்து சேர்ந்தது. இடையில் உளநூல் என்றும் எழுதினார்கள்.

மனோதத்துவம் பழைய ஆட்கள் வாயில் இன்னும் இருக்கிறது. மனம், தத்துவம் இரண்டும் வடமொழி வழி வந்தவை என்பதற்காக அதைத் தள்ளச் சொல்லமாட்டேன், மனம் தமிழில் ஊறிப்போன சொல். தடை வேறு இடத்தில். தத்துவம் என்றால் மெய்யியல். இந்தத் துறை மெய்யியலின் மடியில்தான் வளர்ந்தது, வூண்டே லைப்சிக்கில் மெய்யியல் பேராசிரியர்தான். ஆனால் புலனுக்கு ஒன்று பட்டதும் மனிதன் எவ்வளவு நேரத்தில் அதற்குப் பதில் காட்டுகிறான் என்று கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு தத்துவம் என்ற பெயர் பொருந்தாது.

பெயருக்குள் உள் இருப்பதைத் துறைக்குள்ளேயே எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வூண்ட் அகநோக்கை நம்பினார், பயிற்சி பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தைக் கவனித்துச் சொல்லவேண்டும். பிராய்ட் இன்னும் கீழே இறங்கி, நமக்கே தெரியாமல் மனதுக்குள் இயங்கும் பகுதி ஒன்று உண்டு என்றார், அதைத்தான் தமிழில் நனவிலி என்கிறோம். நனவு என்பது குறளில் கனவுக்கு எதிராக நிற்கும் பழஞ்சொல், அதோடு இலி சேர்த்த இந்த ஆக்கம் எனக்கு நிறையப் பிடிக்கும். 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் வாட்சன் எழுந்து, உள்ளே இருப்பதை ஆரும் பார்க்க முடியாது, பார்க்கக்கூடியது நடத்தை மட்டும், அதைப் படியுங்கள் என்றார். அந்த நடத்தைவாதம் பல பத்தாண்டுகள் அமெரிக்காவை ஆண்டது. அதன்படி பார்த்தால் உளவியல் என்ற பெயரே பிழை! அப்புறம் அறிகை உளவியல் வந்து, நினைவு, கவனம், மொழி என்று மறுபடியும் உள்ளே போனது. உல்ரிக் நைசரின் பாடநூல் 1967இல் அந்தப் போக்குக்குப் பெயரை நிலைநிறுத்தியது.

நடுவில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் செய்ததை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தன்னிடம் வருகிறவரை அவர் நோயாளி என்று அழைக்கவில்லை, அறிவுரை சொல்லவும் இல்லை, வந்தவருக்கே தன் வழியைக் காணும் பலம் உண்டு என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். இலங்கையில் எங்கள் பக்கத்துச் சொல்லில் இந்தக் கருத்து அப்படியே இருக்கிறது. உளத்தின் வளத்துக்குத் துணை, அதுதான் உளவளத்துணை. வருகிறவர் துணைநாடி. தமிழ்நாட்டில் ஆலோசனை என்றும் கவுன்சிலிங் என்றும் சொல்கிறார்கள், ஆலோசனை என்றால் ஒருவர் மேலே இருந்து சொல்ல மற்றவர் கேட்பதுபோல ஆகிவிடுகிறது. சீர்மியம், ஆற்றுப்படுத்தல் என்றும் யாழ்ப்பாணத்தில் வழங்குகிறது. ஆற்றுப்படுத்தலில் உள்ள ஆறு வழியைக் குறிக்கும், ஆற்றுப்படைப் பாட்டுகளில் பரிசில் பெற்ற பாணன் மற்றப் பாணனுக்கு வழி காட்டிய அதே ஆறு.

உளமருத்துவம் தனி. 1808இல் ஜேர்மன் மருத்துவர் ரைல், ப்சுகேயோடு மருத்துவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து, ஆங்கிலத்தில் சைக்கியாட்ரி என்று வழங்கும் அதன் பெயரைக் கட்டினார். உளமருத்துவர் முதலில் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் உளவியல் படித்தவர், சோதித்து மதிப்பிடுவார், பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்வார், பள்ளிக்கூடத்திலோ ஆராய்ச்சியிலோகூட இருப்பார். உளவளத்துணையாளர் கூட இருந்து கேட்பவர். ஒருவரே மூவரிடமும் போகவேண்டி வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் வருவது வேறு சொற்களால். விசர் எங்கள் வீட்டுச் சொல், பாசத்திலும் சொல்வோம், "விசர்க்கதை கதையாதை" என்று. ஆனால் நித்திரை இல்லாமல் தவிக்கிற ஒருத்திக்கு அதே சொல் கதவை அடைத்துவிடுகிறது. அங்கொடை கொழும்புப் பக்கத்து ஓர் ஊரின் பெயர், அங்கே மனநோய் ஆசுபத்திரி இருப்பதால் ஊர்ப்பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். இப்போதைய பிள்ளைகள் ஆரையும் சைக்கோ என்கிறார்கள். மூச்சு என்ற பொருளில் தொடங்கிய சொல்லை இப்படி ஏச்சாகக் கேட்கும்போது எனக்கு உண்மையில் மனம் நோகும்.

இழவு என்ற சொல்லையும் பாருங்கள். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்றால் இழப்பு. உள்ளே நடப்பது உடம்பில் வந்து தெரிவதால் மெய்ப்பாடு. போரிலும் 2004 சுனாமியிலும் இழந்தவர்களோடு வேலை செய்யும் ஆட்கள் அந்தத் துயரை இழவிரக்கம் என்று சொல்கிறார்கள், ஏச்சாகத் தேய்ந்துபோன இழவுக்கு அதில் பழைய பொருள் திரும்பியிருக்கிறது. பெரியம்மாவின் பெருமூச்சும் அதுதான் என்று பிறகு விளங்கியது. 2009இல் போன மகனைப் பற்றி அவ வீட்டில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒருவாறு சம்மதித்தா. இப்போது மாதம் ஒருக்கா போகிறா. நான் இவ்வளவு சொல் தேடி வைத்திருக்கிறேன், அவவுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. காலமை சீலை உடுத்து, குடையை எடுத்துக்கொண்டு, படலையடியில் நின்று, "அந்தப் பிள்ளையோட கதைச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறா.