கல்லைக் காட்டுகிறேன் என்று சுவரைக் கெடுக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு வீடு. அயர்லாந்தில், பாரோ ஆற்றங்கரையில் பழைய கல்வீடு. "ஆறு பக்கத்தில் இருப்பதால்தானே சுவரெல்லாம் ஓதம்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். ஆறு பாவம். கல் இடுக்குகளில் புடைத்து நின்ற சிமெண்ட் பட்டைகளைச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். நீளநீளமாகப் பெயர்ந்து வந்தன. பின்னால் இருந்த சுண்ணாம்புக் காரை ஈர மணலாக விரலில் ஒட்டியது. மாடி உத்தரம் சுவருக்குள் போகும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் பிடிவரை இறங்கியது.

ஏன் சிமெண்ட் வைத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "சிமெண்ட் பலமானதாயிற்றே!" பலம்தான், அதுதான் தொல்லையே. பழைய கல்சுவரில் காரை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவர் அசையும்போது காரை வளைந்து கொடுக்கும். ஈரம் காரை வழியாக வெளியேறும். தேய்ந்தால் காரைதான் தேயும், அதை மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் வளையாது, விரிசல் விடும். விரிசல் வழியாக மழை உள்ளே போகும், திரும்பி வர வழியில்லை. பிறகு தேய்வது கல். கல்லை எங்கே போய் மாற்றுவது? வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் இதே கதைதான்.

இதைவிட எரிச்சல், "வெறும் கல் தெரிந்தால்தான் பழைய அழகு" என்ற நம்பிக்கை. அப்படி ஒரு பழைய அழகு கிடையாது. ஒழுங்கற்ற கற்களை அடுக்கிக் கட்டிய சாதாரண வீடுகளுக்கு இங்கே சுண்ணாம்புப் பூச்சு பூசி வெள்ளையடிப்பதுதான் அந்தக் கால வழக்கம். பூச்சுதான் சுவருக்கு மழைக்கோட்டு. அதைக் கொத்தி எறிந்துவிட்டு ஓதம் வருகிறதே என்றால் எப்படி?

இதே பாரோ கரையில் கில்கென்னி கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கிரெய்க்நமானா என்ற ஊர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுக் கல்பாலம், அக்கரையில் கார்லோ கவுண்டி, அங்கே டின்னஹின்ச் கோட்டையின் இடிபாடு. ஊர் நடுவில் ஆங்கிலோ-நார்மன் பிரபு வில்லியம் மார்ஷல் 1204இல் நிறுவிய டுயிஸ்க் மடாலயம். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளுடையது, 1536இல் மூடப்பட்டது. 1774இல் கோபுரம் உள்ளே சரிந்தது. 1813இல் மறுபடி கூரை போட்டு ஊர்த் தேவாலயம் ஆக்கினார்கள். இடிபாட்டை முழுக்க அள்ளாமல் அதன்மேலேயே தரை போட்டதால், இன்றைய தரை பழைய தரையைவிட ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. பழைய ஓட்டுத் தரையைக் கீழே எட்டிப் பார்க்க ஓரிடத்தில் திறந்து விட்டிருக்கிறார்கள். போனால் பாருங்கள்.

வீடுகளிலும் தரை இப்படித்தான் ஏறும், வெளிப்பக்கம். சுற்றிலும் கான்கிரீட் போட்டு, அதன்மேல் மறுபடி போட்டு, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிடும். ஓதம் என்று கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்புறம் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும், ஓதத்தைத் தடுக்கச் சுவரில் ஏற்றும் ரசாயன ஊசிக்குச் செலவழிக்க வேண்டாம்.

சரி, என்ன செய்வது? சிமெண்டை மெஷின் வைத்து அறுக்காதீர்கள், கல்லின் விளிம்பு போய்விடும். உளியும் பொறுமையும் போதும். கல்லோடு விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். சுவரில் படர்ந்த ஐவிக் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். அடித்தண்டை வெட்டிவிட்டுக் காய விடுங்கள். இழுத்தால் சுவரின் உச்சிக் கற்களும் கூடவே வரும். பாலம், பாழடைந்த சுவர் இவற்றின் இடுக்குகளை அடைக்கும் முன் வௌவால் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சட்டப் பாதுகாப்பு உள்ள உயிரினம் அது.

உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பதிவேட்டில் இருக்கலாம். இருந்தால் உள்ளே இருக்கும் படிக்கட்டும் பூச்சும்கூடச் சட்டத்துக்குள் வரும். முகப்பை மட்டும் தொடாமல் விட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த வேலைக்கு அனுமதி வேண்டும் என்று உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதற்கு முன் கொத்தனாரை வரச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று. சுண்ணாம்பு வேலைக்குப் பனி ஆகாது. 5 டிகிரிக்குக் கீழே பூசினால் இறுகாமல் உதிர்ந்துவிடும். வசந்தத்தில் ஆரம்பித்து, குளிருக்கு முன் காய நேரம் விடுங்கள். நவம்பரில் போன் செய்து கிறிஸ்துமஸுக்குள் முடியுமா என்று கேட்டால், முடியாது.